கேட்டவர் ஒருவர், படுத்தவர் ஒருவர்

மறதி நோயாளிகள் இல்லத்தில் வீப்ரன் ஹூக்ஸ்மாவைச் சேர்த்துவிட்டு மகள் ஹிஸ்கா வீடு திரும்பியபோது, வீப்ரன் ஹூக்ஸ்மா சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல கோட்டு, கழுத்தில் டை, தலையில் முழு அறிவு. ஹிஸ்கா இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஆமாம், இங்கேதான் இருக்கிறார், கஸ்டர்டு சாப்பிடுகிறார், சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார் என்றார்கள். அவர்கள் ஊர் இருந்த பிரீஸ்லாந்து மாகாணத்தில் அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

வீப்ரன் ஓய்வு பெறும்வரை கார் ஓட்டும் தேர்வு நடத்தியவர். பாதி ஊரை அவர் பெயிலாக்கியிருக்கிறார், டாக்டர் தெர்ப்ஸ்த்ராவை இரண்டு முறை. நோயின் ஆரம்பத்திலேயே, அறிவு தெளிவாக இருந்தபோது, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்: என் மகளை எனக்கு அடையாளம் தெரியாமல் போகும் நாளில் டாக்டர் ஊசி போட்டு என் உயிரை முடித்துவிட வேண்டும். அந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஹிஸ்காவின் கையைப் பிடித்து வாக்கும் வாங்கிக்கொண்டார். இப்போது சமையலறையில் வந்து உட்கார்ந்திருந்தது அந்தக் கையெழுத்துப் போட்ட வீப்ரன்தான். இல்லத்தில் இருப்பவருக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. ஆக நாள் வந்துவிட்டது, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றார்.

பார்ப்பது அவ்வளவு சுலபமா? டாக்டர் தெர்ப்ஸ்த்ரா வந்து இரண்டு பேரையும் பரிசோதித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். தாங்க முடியாத வேதனை இருந்தால்தான் சட்டம் அனுமதிக்கும். சமையலறை வீப்ரனுக்கு ரத்த அழுத்தம்கூட இல்லை.

"கேக்குறவருக்கு நோய் இல்ல, நோய் இருக்குறவரு கேக்கல. நான் யாருக்குங்க ஊசி போடுறது?"

"கையெழுத்து என்னுது, கை அவனுது. இதுல என்ன குழப்பம் உங்களுக்கு? கார் டெஸ்ட் அன்னைக்கும் இப்படித்தான், எந்தப் பக்கம் திரும்புறதுன்னே தெரியாம நடுரோட்டுல நின்னீங்க."

சட்டப்படி கருத்துச் சொல்ல இரண்டாவது டாக்டர் ஒருவர் வந்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல ஒருவர் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வர வேண்டுமா? எழுதியது எழுதியதுதான் என்றார் வழக்கறிஞர். சிரிக்கிற மனிதனை எப்படிக் கொல்வது என்றார் பாதிரியார். ஆளாளுக்கு ஒரு நியாயம் பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஹிஸ்காவின் வீட்டில்தான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

தினமும் காலையில் அவள் காபி ஊற்றும்போது "முடிஞ்சுதா?" என்று கேட்பார். மத்தியானம் இல்லத்துக்குப் போனால் மற்றவர் கதவைப் பிறாண்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று செத்துப்போன தாயைக் கூப்பிட்டு அழுவார். ஐயோ, இதை முடித்துவிடலாம் என்று ஹிஸ்காவின் மனசே சொல்லும். டாக்டரைக் கூப்பிடுவாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் அவர் சன்னல் வழியே வாத்துகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இப்படியே இரண்டு வருடம். அவளுக்குத் தலைமுடி கொட்டியது.

இரண்டு பேரையும் நேருக்கு நேர் கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இல்லத்தில் அவருடைய பிறந்தநாள் வந்தபோது ஹிஸ்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "வாங்கப்பா, நீங்களே கேட்டுக்குங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஊர்ப் பிறந்தநாளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே வருகிறவர் யாரானாலும் வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்தாமல் உட்கார முடியாது. பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் மகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, எல்லோருக்கும் வாழ்த்து உண்டு. சண்டை போட வந்த வீப்ரனும் வேறு வழியில்லாமல் சுற்றி வந்தார். கடைசியில் தனக்கே எதிரில் நின்று, கை நீட்டி, வாழ்த்துகள் என்றார். உங்களுக்கும் வாழ்த்துகள் என்றார் மற்றவர். பிடித்த கையை விடவில்லை.

"கை சில்லுன்னு இருக்கே, வெளியில குளிரா? உக்காருங்க. நல்ல மனுஷனா தெரியுறீங்க."

வீப்ரன் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுவிட்டார். "உனக்குச் சாகணுமா?"

மற்றவர் நன்றாக யோசித்தார்.

"இப்பவா? கேக் இன்னும் வரலையே."

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளியாக உட்கார்ந்திருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டப்படி அது வேண்டாம் என்ற பதில். அதோடு ஊசிப் பேச்சு முடிந்தது.

"அவன் நான் இல்ல" என்று வழியெல்லாம் கத்தினார் வீப்ரன். ஹிஸ்கா காரை ஓரமாக நிறுத்தினாள். "அவரு எங்கப்பா இல்லன்னா, தினம் நான் யாருக்கு வாய் தொடச்சுவிடுறேன்? அவருதான் அப்பான்னா நீங்க யாரு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, என் உயிர வாங்காதீங்க!" காரை நிறுத்தும்போது நீ சிக்னல் போடவில்லை என்றார் வீப்ரன்.

அடுத்த குளிர்காலம் இல்லத்து வீப்ரன் நெஞ்சுச் சளியில் இறந்தார். அடக்கத்துக்கு மற்றவரும் போனார், பூப்போட்டார். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"கடைசியில உன்னைத் தெரிஞ்சுதா அவனுக்கு?"

"இல்லப்பா. யாரும்மா நீங்க, போகாதீங்கன்னாரு."

"பயந்தானா?"

"ரெண்டு நாளு ரொம்பப் பயந்தாரு."

"அதுக்குத்தானே உன்கிட்ட வாக்கு வாங்கினேன்!"

"காப்பாத்தலப்பா" என்று சொல்லி ஹிஸ்கா ஓவென்று அழுதாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார், தோளைத் தொட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

வீப்ரன் ஹூக்ஸ்மா இறந்துவிட்டார் என்று அரசாங்கம் பதிந்துவிட்டது. செத்தவர் சாவு கேட்டு விண்ணப்பிக்க அந்த நாட்டில் வழியில்லை. அதனால் அவர் சமையலறையிலேயே தங்கிவிட்டார். அவருக்கு வயது ஏறவில்லை, ஹிஸ்காவுக்கு ஏறியது. ஒரு கட்டத்தில் பார்ப்பவர்கள் அண்ணன் தங்கை என்றார்கள், பிறகு அக்கா தம்பி என்றார்கள். பிறந்தநாளுக்கு ஊர் வந்து இருவருக்கும் கை கொடுத்தது.

ஹிஸ்கா அடுப்பை அணைக்க மறக்கத் தொடங்கிய வருடம் புதிய டாக்டர் வீட்டுக்கு வந்தார், சின்ன வயதுப் பையன். அறிவு தெளிவாக இருக்கும்போதே நீங்களும் அப்பா மாதிரி ஒன்று எழுதி வைக்கிறீர்களா என்று பக்குவமாகக் கேட்டார். ஹிஸ்கா எதிரில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"எழுதலாம் டாக்டர். ஆனா எழுதினவ வந்து உக்கார இங்க இன்னொரு நாற்காலி போட இடமில்லையே."

வீப்ரன் எழுந்து மேசையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தினார்.