சாக்ஸ் யார் கையில்?

மூன்றாம் வகுப்பில் முப்பத்தியோரு பிள்ளைகள். ஒருத்தர் பேசினால் மற்ற முப்பது பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் மூன்றாம் வகுப்புப் பக்கமே வந்ததில்லை. முப்பத்தியோரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர்களை அடக்க நான் கத்துவேன். உடனே பக்கத்து வகுப்பு டீச்சர் சுவரைத் தட்டுவாள். அவள் தட்டுவது பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காக என்று ஒருநாள் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

ஆறு வருஷமாக நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் நிரந்தரமாகிவிட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் பெரிய மிஸ் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். பெரிய மிஸ் என்றால் தலைமையாசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர், எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. இந்த வருஷம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை கல்வி அதிகாரி உங்க கிளாஸுக்குத்தான் வரார். கூட்டமா உக்காந்து மரியாதையா பேசறது, மரியாதையா கேக்கறது, இதைப் பசங்களுக்குக் கத்துக்குடுக்கணுமாம். பாத்துட்டு நல்லதா எழுதினார்னா நீங்க பர்மனென்ட். இல்லன்னா என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"எப்ப வரார் மேடம்?"

"மூணு வாரம் இருக்கு."

"மூணு வாரத்துல முப்பத்தியோரு வாயை அடக்கணுமா?"

"முப்பத்திரெண்டு," என்றார் பெரிய மிஸ், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் கொடுத்த தாளில் வழிமுறை போட்டிருந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வை. கையில் ஒரு பொருளைக் கொடு. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். பேசி முடித்தவர் கை தூக்கியவர்களில் ஒருவருக்கு அதைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் அழகாக ஒரு பஞ்சுக் கரடி படம். கரடிக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் என் வீட்டுக்காரரின் ஆரஞ்சு நிறச் சாக்ஸ் ஒன்று ஜோடியைத் தொலைத்துவிட்டுச் சும்மா கிடந்தது. பழைய தலையணைப் பஞ்சை அதற்குள் திணித்து வாயைக் கட்டினேன். துவைத்த சாக்ஸ்தான். அப்படித்தான் அவர் சொன்னார்.

எனக்குப் பயம் ஒருத்தியை நினைத்துத்தான். அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் ரேடியோ. காலையில் வாசலில் பையை இறக்கும்போது ஆரம்பித்தால் மாலை மணி அடிக்கிறவரை ஓயாது. யார் பென்சில் யார் பையில், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த டீச்சர் அழுத முகத்தோடு வந்தாள், எல்லாம் முதலில் அவள் கண்ணில்தான் படும். பட்டது அடுத்த நொடியில் வாயில் வந்து நிற்கும்.

முதல் வாரம் என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. ரேடியோ வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான் கேட்பேன்: "சாக்ஸ் உன்கிட்ட இருக்கா?" கப்பென்று வாயை மூடிக்கொள்வாள். அடடா, இது தெரியாமல் ஆறு வருஷம் கத்தி வீணாய்ப்போனேனே என்று இருந்தது! அப்புறம் எதற்கெடுத்தாலும் அந்தக் கேள்விதான். கணக்கு நேரத்தில், சாப்பாட்டு நேரத்தில், வராந்தாவில், எங்கே பார்த்தாலும் "சாக்ஸ் உன்கிட்ட இருக்கா?" இரண்டாவது வாரம் ரேடியோ அணைந்தது. மூன்றாவது வாரம் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தாள், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு. போர்டில் எழுதிப்போட்டதை ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்து எழுத மாட்டாள். தூங்குமூஞ்சி என்றுதான் நான் கூப்பிடுவேன். அவள்கூட இந்த மூன்று வாரமும் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். பரவாயில்லையே, இதுவும் திருந்திவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. காலையில் சுவரில் ஒட்டவேண்டிய அட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தேன். ரேடியோ எதிரில் ஓடிவந்து நின்றாள்.

"மிஸ், மிஸ், அந்த நாற்காலி..."

"சாக்ஸ் உன்கிட்ட இருக்கா?"

வாயை மூடினாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்து என் சுடிதார் நுனியைப் பிடித்து இழுத்தாள். "மிஸ்..." என்றாள். நான் கண்ணை உருட்டினேன். போய்விட்டாள்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பு மூலையில் பின்னங்கால் விண்டுபோன நாற்காலி ஒன்று இருந்தது. யாரும் அதில் உட்கார மாட்டோம், என் பையை மட்டும் மாட்டுவேன். முதல்நாளே வாட்ச்மேனிடம் சொல்லி அதைச் சாமான் அறைக்கு அனுப்பியிருந்தேன். காலையில் பெரிய மிஸ், "நாற்காலி பத்தல, எதையாவது கொண்டு வா" என்று வாட்ச்மேனை விரட்டியிருக்கிறார். அந்த மனிதர் அதையே திருப்பிக் கொண்டுவந்து, மற்றதற்கெல்லாம் போட்ட மாதிரி வெள்ளை உறையை மாட்டி, நடுநாயகமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். முப்பத்தியோரு பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

அதிகாரி நல்ல ஆகிருதியான மனிதர். வந்தார், எல்லோருக்கும் ஒரு சிரிப்பு, நேராக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் சாக்ஸ் விஷயத்தை விளக்கினேன்.

"பிரமாதம்! இங்க குடுங்க, நானே ஆரம்பிக்கறேன்," என்று வாங்கிக்கொண்டார். வாங்கியவர் விடவில்லை. மைக் மாதிரி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எவ்வளவு பெரிய குணம் என்று இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

ஐந்தாவது நிமிஷம் ரேடியோ கையைத் தூக்கினாள். அப்புறம் நாலு கை, பத்து கை. கொஞ்ச நேரத்தில் முப்பத்தியோரு கையும் மேலே.

"பாத்தீங்களா, என்ன ஆர்வம்!" என்றார் அதிகாரி. "கையை இறக்குங்க கண்ணுங்களா. நான் முடிச்சதும் கேக்கலாம்."

ஒருத்தரும் இறக்கவில்லை. நான் பின்னால் நின்று பூரித்துப்போனேன். பெரிய மிஸ் என்னைப் பார்த்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, சிரித்தார். வேலை நிரந்தரம் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். ரேடியோ இரண்டு கையையும் தூக்கி முட்டிபோட்டு எம்பினாள். முகம் சிவந்து முழி பிதுங்கியது. அடக்க ஒடுக்கமாக இரு என்று நான் ஒரு முறை முறைத்தேன்.

"அப்ப, கேக்கறதுன்னா என்ன?" என்று அதிகாரி நன்றாகப் பின்னால் சாய்ந்தார்.

படக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி வெள்ளை உறையும் நாலு கால்களும் தெரிந்தன. அதில் இரண்டு அதிகாரியுடையவை. சாக்ஸ் பறந்துபோய் அலமாரிக்கு அடியில் உருண்டது. நல்லவேளை, பின்னால் பாய்ச் சுருள் இருந்தது, மனிதருக்கு அடிபடவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. முப்பத்தியோரு பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள், கண்ணெதிரே ஒரு பெரிய மனிதர் மல்லாந்து விழுந்த கரப்பான்பூச்சி மாதிரி கிடக்கிறார், வாயே திறக்கவில்லை. கைகள் மட்டும் அப்படியே மேலே.

எழுந்து தட்டிவிட்டுக்கொண்ட அதிகாரி கேட்டார்: "இது உடைஞ்ச நாற்காலின்னு யாருக்குமே தெரியாதா?"

கைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

"எல்லாருக்கும் தெரியுமா! அப்புறம் ஏன் ஒருத்தர்கூட சொல்லல?"

ரேடியோ எழுந்தாள். அலமாரிக்கு அடியில் படுத்து ஊர்ந்து, சாக்ஸை இழுத்தெடுத்து, தூசியைத் தட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சாக்ஸ் உங்ககிட்ட இருந்துச்சு சார்."

பெரிய மிஸ் பாய்ந்து வந்தார். "சின்னப் பொண்ணு சார், ஏதோ உளறுது..."

ரேடியோ சாக்ஸை அவருக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள். "நான் இன்னும் முடிக்கல, பெரிய மிஸ்." குரலில் துளி திமிர் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த அதே மரியாதை. "காலையிலேயே எங்க மிஸ்கிட்ட சொல்ல வந்தேன் சார். ரெண்டு தடவை. சாக்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. இல்ல. அதான்." உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் வரவே இல்லை, கதை கட்டுகிறாள் என்று சொன்னால் போதும். அவள் பெயரே ரேடியோ, யார் நம்பப்போகிறார்கள்? பெரிய மிஸ் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார். ஆறு வருஷம். வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், பிள்ளைகள் எல்லோரும் என் வாயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்கள். சாக்ஸ் என்னிடம் இல்லை.

கையைத் தூக்கினேன். ரேடியோ சாக்ஸை என்னிடம் தூக்கிப் போட்டாள்.

"அவ சொன்னது நிஜம் சார். ரெண்டு தடவை வந்தா. நான்தான் வாயை அடைச்சு அனுப்பிட்டேன்."

அதிகாரி நின்றபடியே தன் குறிப்பேட்டில் எழுதினார். மாணவர்கள் மிகச் சிறப்பு. ஆசிரியை கேட்கப் பழக வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம். கிளம்பும்போது கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அது என்னம்மா, ஒரு மாதிரி வாடை அடிக்குது?" என்றார்.

"என் வீட்டுக்காரர் சாக்ஸ் சார்."

கை கழுவ எங்கே போகவேண்டும் என்று அவரே தேடிப் போய்விட்டார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்னும் ஒரு வருஷம் பெரிய மிஸ் அறை வாசலில் கையைப் பிசைய வேண்டும் என்று அழுதேன். அப்புறம் அந்தக் குழந்தை முட்டிபோட்டு எம்பியது ஞாபகம் வந்தது, அதற்கும் அழுதேன்.

மறுநாள் காலை வட்டத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாக்ஸை ரேடியோவிடம் கொடுத்தேன்.

"மூணு வாரமா என்கிட்ட சொல்ல வந்து சொல்லாம போனதையெல்லாம் சொல்லு."

"எல்லாமா மிஸ்?"

"எல்லாம்."

"ஏழெட்டு அம்பத்தாறு மிஸ். சுவத்துல அம்பத்தினாலுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. அந்த சாருக்கு நேர் எதிர்லதான் இருந்துச்சு. அப்புறம் செவ்வாக்கிழமை நீங்க சுடிதாரை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி போட்டுட்டு வந்தீங்க. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தீங்க. பக்கத்து கிளாஸ் மிஸ் உங்களை ஒலிபெருக்கின்னு சொல்றாங்க."

யார், அவளா, என்று கேட்க வாயைத் திறந்தேன். முப்பத்தியோரு முகமும் என் பக்கம் திரும்பின. மூடிக்கொண்டேன்.

ரேடியோ இன்னும் நாலைந்து சொன்னாள், எல்லாம் என் மானத்தை வாங்குகிற சமாச்சாரம்தான். பிறகு எழுந்துபோய், வட்டத்தின் அந்தப் பக்கம் இருந்த தூங்குமூஞ்சியின் மடியில் சாக்ஸை வைத்தாள்.

"இவளுக்கு ஒரு தடவைகூட வரல மிஸ். எல்லாரும் அவங்கவங்க ஃப்ரெண்டுக்கே குடுத்துக்கறாங்க. இவ கையைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு இறக்கிடுவா."

தூங்குமூஞ்சி சாக்ஸை உருட்டினாள், கட்டிய நூலை நிரடினாள். எனக்கு நாக்கு நமநமவென்றது. சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரேடியோவே பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு போர்டு தெரியல மிஸ்," என்றாள் அவள். "எல்லாம் கலங்கலா இருக்கு. முன்னாடி வந்து உக்காரட்டுமா?"

வருஷ ஆரம்பத்திலிருந்து அந்தப் பெண்ணின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நான் எழுதிவந்தது ஒன்றே ஒன்றுதான்: கவனிப்பதில்லை.