பச்சை முசுக்கட்டைக்கு உப்பு

நல்லாயன்புரம் மிஷன் போர்டிங்கில் ஏழு பெண்பிள்ளைகள் ஒரே மத்தியானத்தில் வாந்தி எடுத்ததும் எல்லார் கண்ணும் நேரே அடுக்களைக்குத்தான் போனது. அடுக்களை என்றால் பாக்கியவதி. புருஷன் செத்த வருஷமே வந்து சேர்ந்தவள்; ஒன்பது வருஷமாக நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடுகிறாள். அடுக்களைக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. அதை விட்டால் வள்ளியூரில் தம்பி வீடு. அங்கே தம்பி பெண்டாட்டி வைத்ததுதான் சட்டம்.

முதலில் வாந்திபேதி என்றுதான் பயந்தார்கள். களக்காட்டிலிருந்து வந்த கம்பவுண்டர் பார்த்துவிட்டு, பேதி இல்லை, தின்றது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தானியேல் உபாத்தியாயருக்கு அது போதும்.

"ஈயம் போன பித்தளைச் சட்டியில புளிக்கொழம்பு வச்சிருக்கா. களிம்பு ஏறாம என்ன செய்யும்? நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போதும் எதையாவது அப்பவே சொன்னவர்தான்.

"மண்சட்டியிலதான் வச்சேன் ஐயா. நாப்பது பேரு தின்னதுல ஏழு பேருக்கு மட்டுமா களிம்பு?" என்றாள் பாக்கியவதி. யார் கேட்கிறார்கள்?

போர்டிங்கை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நியாயம் பார்க்கிறவர். பட்டுப்புழு வளர்க்கப்போகிறேன் என்று, அதற்குத் தீனியாக மதிலோரமெங்கும் முசுக்கட்டை நட்டவர் அவர். புழுக்கள் முதல் கோடையிலேயே செத்துப்போயின. செடிகள் மட்டும் தழைத்து நின்று காய்த்துத் தள்ளின. பழமெல்லாம் மிஸ்ஸியம்மா காய்ச்சும் ஜாமுக்கு. பிள்ளைகள் தொடக்கூடாது. சனிக்கிழமைதோறும் நாக்குச் சோதனை உண்டு. நாக்கு ஊதாவாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது. ஆகவே இப்போதும் ஏழு பேரையும் நாக்கை நீட்டச் சொன்னார். ஏழு நாக்கும் சுத்தமாக இருந்தன.

"இவர்கள் பழம் புசிக்கவில்லை. குற்றம் உணவிலேதான் இருக்கிறது. பாக்கியவதி, நீ சாயங்கால வண்டியில் போகலாம்" என்றார். வேதப் புத்தகத்தில் படித்த தமிழ் அது. மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

பாக்கியவதி இரண்டு சேலையையும் மூட்டை கட்டினாள். போகுமுன் பிள்ளைகளுக்குச் சுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். பாயில் கிடந்த ஜெபராணி கடைவாயைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, நகத்தில் பிசின் மாதிரி பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

களிம்புக்கு எங்கேயாவது வாய் அரிக்குமா? பாக்கியவதிக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. புளியங்காய்க்கு என்று சொல்லி இவள்தானே உப்பும் மிளகாய்ப்பொடியும் வாங்கிப்போனாள்.

"ஏட்டி, புளியைத்தான் போன வாரமே உலுக்கியாச்சே. பெறவு எதுக்குட்டி உப்பு?"

ஜெபராணி அழ ஆரம்பித்தாள். "முசுக்கட்டைக் காய்க்கு. பழத்தத் தின்னா நாக்கு காட்டிக் குடுத்துரும். பச்சக் காய்னா தெரியாதுல்லா."

"இத ஏன் மிஸ்ஸியம்மாட்ட சொல்லல?"

"உப்பு யாரு குடுத்தான்னு கேப்பாகல்லா. அடுக்களச் சாமான் குடுத்ததுக்கு ஒங்கள வெரட்டிருவாகன்னு ஏழு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம், அக்கா."

பாக்கியவதியைக் காப்பாற்றத்தான் ஏழும் வாயை மூடிக்கொண்டு கிடக்கின்றன. மூடின அந்த வாய்தான் அவளை வண்டியேற்றப் போகிறது.

நேரே பங்களாவுக்குப் போனாள். "உப்பு குடுத்தது நாந்தான், மிஸ்ஸியம்மா. பிள்ளையள் தின்னது பச்ச முசுக்கட்டைக் காய்" என்றாள்.

"பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கா" என்றார் உபாத்தியாயர். "பழம் நல்லதுன்னா காயில மட்டும் வெசமா இருக்கு?"

பாக்கியவதி மதிலோரம் போய்க் கை நிறையப் பச்சைக் காயைப் பறித்து வந்தாள். காம்பிலெல்லாம் பால் கசிந்தது. உப்பையும் பொடியையும் தொட்டுத் தொட்டு, அவர்கள் கண் முன்னாலேயே அத்தனையையும் தின்றாள்.

"பொழுது சாயுததுக்குள்ள எனக்கு வாந்தி வரலைன்னா வண்டியேறுதேன்."

பங்களாப் படியில் உட்கார்ந்தாள். உதடு அரித்தது. அது மிளகாய்ப்பொடி என்றார் உபாத்தியாயர். வயிறோ கம்மென்று கிடந்தது. அடிப்பிடித்த சோறும் மிஞ்சின குழம்புமாகத் தின்று பழகின வயிறு. லேசில் அசைகிற வயிறா அது? தன் வயிற்றின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வண்டிக்கார வன்னியராஜ் மாட்டைப் பூட்டிவிட்டு, "தாயீ, இருட்டிரும்" என்றார். வெயில் மதிலைத் தாண்டிப் போய்விட்டது. சொன்ன சொல் சொல்தானே. எழுந்து மூட்டையை வண்டியில் வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கினாள்.

அப்போதுதான் வயிற்றைப் புரட்டியது.

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். பச்சைப் பச்சையாக விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். மிஸ்ஸியம்மா ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். உபாத்தியாயர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"பச்சக் காய் ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

பாக்கியவதி முந்தானையால் வாயைத் துடைத்தாள். அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இப்படி மனம் குளிர்ந்து வாந்தி எடுத்தவள் அந்தச் சீமையிலேயே இருக்க மாட்டாள்.

"மூட்டைய இறக்கி வையும், அண்ணாச்சி. ராத்திரிச் சோத்துக்கு ஒல வைக்கணும்" என்றாள்.