சுழி விட்டுப்போன மீதி

துணி ஆலையின் இரண்டாம் மாடியில் அவளுக்குப் பெயர் கழுகு. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் எழுப்பியதில்லை. நெய்து முடித்த துணி சுருள் சுருளாக அவள் மேசைக்கு வரும். மேசையின் மேல்பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விளக்கு. வெளிச்சத்தின் மேல் துணி நகர்ந்துகொண்டே போகும். அறுந்த இழை, விட்டுப்போன குறுக்கு நூல், எண்ணெய்ப் பொட்டு என்று எது கண்ணில் பட்டாலும் காலடியில் இருக்கும் மிதியை அழுத்துவாள். துணி நிற்கும். குறை உள்ள இடத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, பதிவேட்டில் 'மிதி' என்று எழுதி நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஓட விடுவாள். பதினேழு வருடமாக இதே மேசை, இதே நாற்காலி. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு குறை வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது.

ஆறு மாதமாகத்தான் சரித்திரம் தடுமாறிக்கொண்டிருந்தது.

முதலில் துணி தண்ணீராக மாறியது. வெள்ளைத் துணி நகர நகர, அது துணி என்பதே அவளுக்கு மறந்துபோகும். ஆறு ஒன்று சத்தமில்லாமல் மடியை ஒட்டி ஓடும். அடியில் விளக்கு இருக்கிற இடத்தில் நிலா கிடக்கும். கண் திறந்துதான் இருக்கும், கண்ணுக்குச் சொந்தக்காரி மட்டும் எங்கோ ஒரு கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் வெள்ளி நிறத்தில் ஒரு மீன்கூட வந்தது. மெல்ல வாலை ஆட்டிக்கொண்டு அவள் விரலுக்கடியில் நழுவிப் போனது. அவளும் ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு கல்லாய்க் கனக்கிறவளுக்கு ஆற்றங்கரை கசக்குமா என்ன?

உடம்பின் கதை தனி. மாதவிலக்கு மூன்று மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் பதினைந்து நாள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. கோடையிலும் கை ஜில்லிட்டது. கதவு லேசாகக் கிரீச்சிட்டால்கூட எரிந்து விழுந்தாள், பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். வயது நாற்பத்தொன்று, இதெல்லாம் இருக்கும்தான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த மீன் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் சுருளை அவள் மேசையில் விரித்துக் காட்டினார். ஒரு முழ நீளத்துக்குக் குறுக்கு நூல் விட்டுப்போய், அந்த இடம் மட்டும் விளக்கில் பளபளவென்று மின்னியது. வால்கூட இருந்தது.

"வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டாங்க அக்கா," என்றார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவளிடம்தான் தொழிலைக் கற்றவர். அதனால் தலையைச் சொறிந்துகொண்டே பேசினார். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க. இன்னொண்ணு தப்பிச்சுப் போச்சுன்னா உங்கள கீழ மடிப்புப் பிரிவுக்கு மாத்தணுமாம். எனக்கு மனசே இல்ல."

மடிப்புப் பிரிவில் துணியை மடித்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. வீட்டில் மகளுக்கு அவள் அம்மா, கணவருக்கு 'இங்க பாரு', பக்கத்து வீட்டுக்கு 'குட்டியோட அம்மா'. இந்த விளக்குக்கு முன்னால் மட்டும்தான் அவள் கழுகு. அந்த நாற்காலி போய்விட்டால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தாள்.

மறுநாளே மருத்துவரிடம் போனாள். ரத்தம் குறைவு, தைராய்டு மந்தம் என்று பரிசோதனையில் வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், "இது பாதிதான். மிச்சப் பாதி அடுத்த அறைல இருக்கு," என்று கையைக் காட்டினார்.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர் இருந்தார். குண்டான அம்மாள், பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். ஒரு நோட்டைக் கொடுத்து, "ஒரு வாரம் உங்க வீட்டுச் சாப்பாட்ட எழுதிட்டு வாங்க. ஒரு பருக்கைய விடக் கூடாது," என்றார்.

எழுதச் சொன்னால் கழுகுக்குச் சொல்லவா வேண்டும்? ஆலைப் பதிவேட்டைப் போலவே கோடு போட்டு, நேரம் போட்டு, ஆள்வாரியாக எழுதினாள். ஒரு வாரம் கழித்து ஆலோசகர் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"காலை ஏழரை. அவருக்கு ரொட்டி நாலு, முட்டை ரெண்டு. குட்டிக்கு ரொட்டி ரெண்டு, பால். எனக்கு மிதி." புருவம் உயர்ந்தது. "மத்தியானம், எனக்கு மிதி. ராத்திரி, எனக்கு மிதி." பக்கத்தைப் புரட்டினார். "ஏழு நாளும் மூணு வேளையும் மிதியா? வீட்டுல யாரும்மா உங்கள மிதிக்கறது?"

"ஐயோ!" அவள் பதறிப்போனாள். "அவர் தங்கமான மனுஷன். அது மிதி இல்லீங்க, மீதி! ஆலைல நாளெல்லாம் மிதி மிதின்னு எழுதி எழுதி, கை பழக்கத்துல சுழிய விட்டுடுச்சு."

ஆலோசகர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நோட்டைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மீதின்னா என்ன?"

"சட்டில என்ன இருக்கோ அது. வழிச்சு எடுத்துக்குவேன். வீணாக்கக் கூடாதில்ல?"

"ஒண்ணும் இல்லன்னா?"

"டீ."

"சுழி விட்டுப்போனதே பொருத்தமாத்தான் இருக்கு," என்றார் அவர்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். "உடம்புக்குள்ள தபால்காரங்க இருக்காங்க. நீ தூங்கு, நீ முழிச்சுக்கோ, இந்த மாசம் ரத்தம் போகட்டும், போதும் நிறுத்துன்னு ஊர் ஊராக் கடுதாசி கொண்டு போறவங்க. ஹார்மோன்னு சொல்றாங்களே, அவங்கதான். அவங்களப் பட்டினி போட்டா பாதி வழில படுத்துடுவாங்க, இல்லன்னா கடுதாசிய வேற வீட்டுல போட்டுடுவாங்க. மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. டீய சாப்பாட்டோட சேக்காதீங்க, அது சாப்பாட்டுல இருக்கற இரும்ப உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. முட்டை, பயறு, கீரை, மீன், புளிப்பா ஒரு பழம். எல்லாத்துக்கும் மேல, உக்காந்து சாப்பிடுங்க. முதல் தட்டு உங்களுது."

"முதல் தட்டா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேருந்தில் திரும்பும்போது கண் சொக்கியது. காக்கிச் சட்டை போட்ட சின்னச் சின்ன மனிதர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முழங்கைக்குள் நடந்து போனார்கள். ஒருவன் தோளோரம் உட்கார்ந்து, "ஒரு வாய் சோறு இருக்குமா தாயே?" என்று கேட்டான். அவள் பையைத் துழாவினாள். டீத்தூள் பொட்டலம்தான் இருந்தது. விழித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

முதல் தட்டு சொன்ன மாதிரி சுலபமாக இல்லை. முட்டையைத் தன் தட்டில் வைத்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் நாளெல்லாம் எத்தனை மாடி ஏறி இறங்குகிறவர், வளர்கிற பெண் வேறு. அவள் கை தானாக நீண்டு முட்டையைப் பெண்ணின் தட்டுக்கு மாற்றியது. நோட்டில் மட்டும் 'எனக்கு: முட்டை ஒன்று' என்று எழுதினாள். பதினேழு வருடத்தில் ஒரு பொய்க்கணக்கு எழுதாத கை அது. சுவரோரம் வந்து உட்காரும் பூனை, அவள் சட்டியை வழிப்பதைத் தினமும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனது. அந்த வீட்டில் பூனைக்கு அவள்தான் போட்டி.

இரண்டு வாரம் இப்படி ஓடியது. மாத்திரை போட்டாள், போட்ட கையோடு டீயும் குடித்தாள். ஆறு வற்றவில்லை.

ஒரு பகலில் மீன் மறுபடி வந்தது. வெள்ளியாக மின்னி, வாலை ஆட்டிப் போனது. கனவுதான் என்று விட்டாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. எங்கேயோ கரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆற்று மீன் இப்படி அளந்து வைத்த மாதிரி வராது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக எட்டு முழம். நான்காவது வந்தபோது அவள் கால் மிதியை அழுத்தியது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். துணியைப் பின்னுக்குச் சுற்றி, நான்கு இடத்திலும் சிவப்பு நூல் கட்டினார்கள்.

"துணிய வெட்டி எறிஞ்சா தீராது," என்றாள். "ஒரே இடைவெளில திரும்பத் திரும்ப வருது பாருங்க. குறை துணில இல்ல, தறில."

கீழே தறியை நிறுத்திப் பார்த்தார்கள். அதன் சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தது.

"நல்ல வேளை அக்கா," என்றார் அவர், முகம் மலராமல். "ஆனா பழைய கழுகா இருந்தா முதல் மீ... முதல் குறையிலயே நிறுத்தியிருக்கும்." மீனைப் பற்றி எப்போது உளறினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது அவள் பெண் சமைத்து முடித்திருந்தாள். பதினாலு வயது. பெரியவளாகி ஒரு வருடமாகிறது. மூன்று மாதமாகத் தள்ளிப்போவதாகப் போன வாரம் முணுமுணுத்தாள். பாடம் படிக்கும்போதே தூங்கி விழுவாள், ராத்திரி கண் விழித்துப் படித்திருப்பாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் இரண்டு தட்டு மட்டும் இருந்தது. பெண் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உன் தட்டு எங்கடி?"

"அப்பாவுக்கும் உனக்கும் வச்சுட்டேன்மா. எனக்கு மீதி போதும்."

அதே குரல். தலையை அதே பக்கம் சாய்த்து, அதே மாதிரி விரலால் சட்டியின் விளிம்பை வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் நூல் விட்டுப்போன துணியாக வெளுத்திருந்தது. எத்தனை நாளாக இப்படி? எத்தனை முட்டை இவளும் கை மாற்றி அப்பா தட்டில் வைத்தாள்? தன் கண்ணெதிரில், தன் வீட்டில், ஊருக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள் இதைப் பார்க்கவில்லையே!

அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே மிதி இல்லை.

"நிறுத்து!" என்றாள்.

பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கை கழுவிக்கொண்டிருந்த கணவர் ஈரக்கையோடு ஓடி வந்தார். "என்ன, என்னாச்சு?"

"தறில தப்பு."

"எந்தத் தறி?"

"நான்தான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மெக்கானிக், புரியாதபோது எதையும் தொடாமல் நின்றார். அவள் மூன்றாவது தட்டை எடுத்து வைத்து, பயறும் கீரையும் முட்டையும் மூன்றாகப் பங்கிட்டாள். பெண்ணை எதிரே உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள்.

"பாரு," என்றாள். "அம்மா சாப்பிடறதப் பாரு."

ஒரு முட்டையை முழுசாகத் தின்பது இத்தனை கஷ்டமா? கை இரண்டு தடவை பக்கத்துத் தட்டுக்குப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தாள். கடைசி விள்ளலை விழுங்கும்போது கண்ணீர் கொட்டியது. பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முட்டையை எடுத்துக் கடித்தாள். கணவர் சத்தமில்லாமல் டீக் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

மறுநாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய், பொய் எழுதின முட்டைகளையெல்லாம் ஆலோசகரிடம் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. பெண்ணின் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார், நோட்டைப் பெண்ணின் கையில் கொடுத்தார். "இனிமே நீ எழுது. உங்கம்மாவுக்குச் சுழி போட வராது."

பதினைந்து நாளில் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முடி உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. மாதவிலக்கு வழிக்கு வர இன்னும் நாளாகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் காலையில் உடம்பைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்படவில்லை. மாதக் கடைசி நாளில் மேற்பார்வையாளர் வந்து, "அடுத்த மாசமும் இங்கயேதான் அக்கா," என்றபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணியில் கண்ணாக இருந்தாள். அது வெறும் துணியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றை நினைத்தால் லேசாக ஏக்கமாகத்தான் இருந்தது.

அன்று வீட்டில் நோட்டைப் பிரித்தாள். பெண்ணின் குண்டு குண்டான கையெழுத்து. 'அம்மாவுக்கு: முட்டை, கீரை, பழம். எனக்கு: முட்டை, கீரை, பழம். அப்பாவுக்கு: அதேதான்.' அதற்குக் கீழே ஒரு வரி, சுழியை நன்றாகச் சுழித்துப் போட்டிருந்தாள்.

'மீதி: பூனைக்கு.'