ஊரறிந்த ஜோடி

'ஐந்தாம் மாடி' என்ற கொரியப் பாட்டுக்குழுவில் பாடுகிறவர்கள் நாரே, முயோங், யூன்சல் என்று மூன்று பேர். ரசிகைகளுக்கு வேண்டியதோ இரண்டு பேர்தான். நாரேயும் முயோங்கும் காதலிக்கிறார்கள் என்று அவர்களாகவே முடிவுகட்டி, கதை கதையாக எழுதித் தள்ளினார்கள். அத்தனையையும் மேனேஜர் பியோங்சு ஒன்றுவிடாமல் படிப்பார்.

"இந்த வாரம் நீ அவ ஷூ லேஸக் கட்டிவிடுற மாதிரி எழுதியிருக்காங்கடா. மேடைல செஞ்சிரு" என்பார். முயோங் குனிந்து கட்டுவான். அரங்கம் அலறும். டிக்கெட் பறக்கும்.

வம்பு என்னவென்றால், நாரேவுக்கு அது நிஜமாகிவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் முயோங் விலக ஆரம்பித்தான். கண்ணைப் பார்ப்பதில்லை. சாப்பிடும்போது தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஊறுகாய் இலைகளை முன்போல அவளுக்குப் பிரித்துக் கொடுப்பதில்லை. ரசிகைகளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இருவருக்கும் சண்டை என்றார்கள். நாரேவின் பயம் வேறு. தன் மனசைக் கண்டுபிடித்துவிட்டான், பிடிக்கவில்லை, கழன்றுகொள்கிறான்.

பூசான் நகரில் ரசிகர் சந்திப்பு. வழக்கமான குச்சி பிஸ்கட் விளையாட்டு. ஒரு முனையை அவள் பல்லில் பிடித்துக்கொள்ள, மறுமுனையிலிருந்து அவன் கடித்துக்கொண்டே வரவேண்டும். மிச்சம் எவ்வளவு குட்டியோ அவ்வளவு வெற்றி. இதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூக்கோடு மூக்கு இடிக்கும்வரை வந்து, சிரித்துவிட்டுப் போவார்கள். அன்று முயோங் ஒரே கடியில் படக்கென்று ஒடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மேடைக்குப் பின்னால் நாரே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா, அவ்ளோ கசக்குறேனா நான்? பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலையேன்."

"கத்தாத. மொதல்ல மைக்க ஆஃப் பண்ணு."

"பண்ணியாச்சு. சொல்லு."

அவன் காதெல்லாம் சிவந்துபோயிற்று. "முன்னாடி நடிச்சேன், ஈஸியா இருந்துச்சு. இப்ப நடிக்க வரல நாரே. நீ பக்கத்துல வந்தாலே கை காலெல்லாம் உதறுது. அதப்போய் அத்தன பேர் முன்னாடி எப்படிக் காட்டுறது? அது நம்ம விஷயம்ல?"

நாரே பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

"நீ ஏதாச்சும் சொல்லேன்" என்றான்.

அதற்குள் பியோங்சு ஓடிவந்தார். "கடைசிப் பாட்டு! ரெண்டு பேரும் ஒழுங்கா கையக் கோத்துட்டு நில்லுங்க. இல்லேன்னா ஆபீஸ்ல என் தலைய உருட்டுவாங்க."

விளக்குகள் எரிந்தன. பதில் கிடைக்காத முகத்தோடு முயோங் கையை நீட்டினான். நாரேவுக்கு அந்தக் கையைப் பிடிக்க அவ்வளவு ஆசையாக இருந்தது. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அதனாலேயே தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, விறுவிறுவென்று அவனைத் தாண்டிப்போய் யூன்சலின் தோளில் தொங்கிக்கொண்டாள்.

"ஐயையோ, பிரிஞ்சிட்டாங்க!" என்று முன்வரிசையில் ஒருத்தி விம்மினாள்.

முயோங் நீட்டிய கையைப் பார்த்தான், நாரேயைப் பார்த்தான். புரிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். அவன் அழுகிறான் என்று நினைத்து அரங்கமே சேர்ந்து அழுதது.