மஞ்சள் புள்ளி நிற்கும் மாடி

லிப்ட்காரர் இறந்த மறு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் திரும்ப வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள்தான் வேலை.

ஆபரேஷன் அறையை மேல்மாடிக்கு மாற்றலாமா என்று பெரிய டாக்டருக்கு யோசனை. மாற்றிவிட்டுத் திருதிருவென்று முழிப்பதைவிட, முதலில் கம்ப்யூட்டரில் ஓர் ஆஸ்பத்திரியை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பெண்ணை வரவழைத்தார். வந்தவள் கெட்டிக்காரி. நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், மருந்து கொடுக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் என எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "உங்க வேலை எப்படி நடக்குதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். வேலையைச் சொல்லும்போது வாய் பழக்கத்தில் ஓடிவிடும் அல்லவா? "வண்டிச் சத்தம் கேட்டதுமே லிப்ட் அண்ணன் கதவைத் திறந்து வச்சிருப்பார்" என்றார் ஸ்ட்ரெச்சர்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். லிப்ட்காரரின் மனைவி, இரண்டாம் மாடி நர்ஸ், அங்கேதான் இருந்தாள். அவர் ஏதோ வேலையாகப் படியிறங்கிப் போய், கீழ்த்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று லிப்ட் மேலேயே நின்றது. இறக்கிக் கொண்டுவர ஆளில்லை. அன்றிலிருந்து அவள் அவரைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

திரையில் நோயாளிகள் சிவப்புப் புள்ளி, லிப்ட்காரர் மஞ்சள். ஆளாளுக்குத் தங்கள் புள்ளியைத் தேடிச் சிரித்தார்கள். நர்ஸ் மஞ்சளை மட்டுமே பார்த்தாள். டீ வேளையில் அது யாரும் கூப்பிடாமலே இரண்டாம் மாடியில் போய் நின்றது. "இதை நான் போடவே இல்லையே" என்று அந்தப் பெண் குழம்பினாள். உயிரோடு இருந்தபோது லிப்ட்காரர் அந்த நேரத்துக்கு வந்து நர்ஸின் பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போவார். அது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

செத்தவரைச் சேர்த்துவிட்டோம் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. "அவரை எடுத்துட்டு ஓட்டுங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். எடுத்தார்கள். சிவப்புப் புள்ளிகள் கீழ்த்தளத்தில் குவிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. டாக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "இல்லாத ஆளை நம்பி நான் எப்படிம்மா மாத்துறது? நீங்களே சொல்லுங்க."

இல்லை என்று சொன்னால் இரண்டாம் தடவையும் போய்விடுவார். இருக்கிறார் என்று சொல்லி அது பொய்யாகிவிட்டால், யாரோ ஒருத்தியின் புருஷன் கீழே அப்படியே கிடப்பான்.

"இருக்கார் சார். அவரைத் திரும்பப் போட்டுடுங்க."

ஆபரேஷன் அறை மேலே போனது. முதல் நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, லிப்ட் கீழே கதவைத் திறந்து காத்திருந்தது. பட்டனை யாரும் அழுத்தவில்லை. மெக்கானிக் வந்து குடைந்து பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், கீழ்த்தளத்தில் ஒருவரும் காத்துக் கிடந்ததில்லை. டீ வேளையில் மட்டும் லிப்ட் இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தபடி கொஞ்சம் நிற்கும். விஷயம் தெரிந்தவர்கள் படியேறிப் போனார்கள்.

நர்ஸ் ஓய்வு பெற்ற அன்று, தன் இடத்துக்கு வந்த புது நர்ஸிடம் பிளாஸ்கைக் கொடுத்தாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவுக்கா?"

"அரை ஸ்பூன். இன்னும் கொஞ்சம் கேப்பார், போட்டுடாதே."