சூடு! பின்னாடி!

"கத்தாம வர முடியாதாடா உனக்கு? ஒரே ஒரு தடவை, வாயை மூடிக்கிட்டு..."

"நான் எங்கக்கா கத்தினேன்? சும்மா சொன்..."

"சொன்னியா? நீ சொன்னது அடுத்த தெரு வரைக்கும்..."

"மெதுவாத்தான் சொன்னேன், வேணும்னா மாமாவையே..."

"மாமாவை இழுக்காதே. அவருக்குக் காது கேக்குதான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

கேக்கின் மேல் ரோஜாப்பூ பிழிந்துகொண்டிருந்த அக்காவின் கணவர் தலையைத் தூக்கவில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அக்கா தம்பி சண்டையில் வாயைக் கொடுத்தால் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து தன்மேல் பாய்வார்கள் என்பதைக் கல்யாணமான மூன்றாம் மாதமே தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

பேக்கரியில் மூன்றே பேர். மாவு அக்காவுடையது. அடுப்பு தம்பியுடையது. கேக்கும் அதன் மேல் பூக்கிற பூவும் கணவருடையவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் இரண்டு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். இன்றைக்கு மூடியதும் நேராகத் தெருக்கோடி கேம் சென்டருக்குப் போக வேண்டும். அங்கே மூன்று மணிக்குக் கத்திரிகளோடு ஆட்டம்.

கத்திரிகள் என்றால் எதிர்ச் சலூன்காரர்கள். கூட்டாகக் கடை நடத்தும் அந்த மூவருக்குப் பெரிய கத்திரி, நடுக் கத்திரி, சின்னக் கத்திரி என்று பெயர் வைத்தது அக்காதான். போன வருஷம் இதே நாளில் அவர்கள் ஜெயித்தார்கள். தோற்ற கடை, ஜெயித்தவர்களின் படத்தை ஒரு வருஷத்துக்கு வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். அதுதான் பந்தயம். அன்றிலிருந்து பேக்கரியின் கண்ணாடி ஜன்னலில், பிறந்தநாள் கேக்குகளுக்கு நேர் மேலே, மூன்று பேர் கத்தரிக்கோலை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க முடி வெட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போன மாதம் ஒரு அம்மா பன்னை வாங்கி, அதில் முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அக்கா பிசைந்த மாவு கல்லாகிப்போனது.

இன்று தோற்றால் இன்னும் ஒரு வருஷம்.

"கேளுடா," என்றாள் அக்கா, மாவை அறைந்துகொண்டே. "அஞ்சு பேர் மேப்பா இருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒருத்தன் தூங்கினாலும் மிச்ச நாலு பேர் பார்த்துக்கலாம். இது மூணு பேர் மேப். இங்க ஒருத்தன் தும்மினாலே கதை முடிஞ்சது."

கம்ப்யூட்டரில் அவர்கள் ஆடும் அந்தச் சின்ன மேப்பில், அதாவது ஆட்டக் களத்தில், நடுவே ஒரே பாதை. பாதையின் இரு முனையிலும் ஆளுக்கொரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு ஸ்படிகம். எதிராளியின் ஸ்படிகத்தை முதலில் உடைக்கிறவர்களுக்கு ஜெயம். பாதையை ஒட்டி ஒரு காடு. அதற்குள் புகுந்து சுற்றி வந்தால் எதிராளியின் முதுகுப் பக்கம் போய் முளைக்கலாம். கணவர் கேடயத்தோடு பாதையில் நின்று அடி வாங்குவார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா அம்பு விடுவாள். காடு தம்பியுடையது. ஆளை வீழ்த்துவதிலேயே கத்திரிகளுக்கு ஆசை. அக்காவின் கண் எப்போதும் ஸ்படிகத்தின் மேல். அவள் திட்டத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது, தம்பியின் வாயைத் தவிர.

எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த அந்த நொடியே அவன், "பின்னாடி!" என்று கத்திவிடுவான். கேம் சென்டரில் இரண்டு அணிக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். கத்திரிகள் மூவரும் ஒன்றாகத் திரும்புவார்கள். தம்பி அங்கேயே காலி. போன வருஷம் தோற்றது அப்படித்தான். போன வார ஒத்திகையிலும் அதே கூத்துதான்.

"இன்னைக்கு மட்டும் நீ வாயைத் திறந்தே, உன்னை டீம்லேர்ந்து..."

"சூடு! பின்னாடி!"

அக்கா பேச்சை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கணவர் க்ரீம் பையைத் தலைக்கு மேல் தூக்கினார். கவுண்டரில் நின்றிருந்த வாடிக்கையாளர்கூட பிரெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தார். அடுப்பிலிருந்து எடுத்த தட்டோடு தம்பி எல்லோருக்கும் நடுவே ராஜா மாதிரி போனான். தட்டு மேஜையில் இறங்கியதும் அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"...தூக்கிருவேன்."

"தூக்கிக்கோ," என்றான் தம்பி. "ஆனா கத்தச் சொல்லிக்கொடுத்தது யாருன்னும் சொல்லு."

அக்கா வலது முழங்கைக்குக் கீழே சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அவன் வேலைக்கு வந்த முதல் வாரம், சத்தமில்லாமல் தட்டோடு அவள் பின்னால் வந்துவிட்டான். "பின்னாடி வந்தா வாயைத் திறந்து கத்துடா!" என்று அன்றைக்கு அலறியது அவள்தான். பதினோரு வருஷமாக அவன் அதை மறக்கவில்லை, அடுப்படியிலும் சரி, காட்டிலும் சரி.

*

கேம் சென்டரில் மூன்று ஆட்டம், அதில் இரண்டு ஜெயித்தால் போதும்.

கத்திரிகள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பின்னால் ஒருவர் கழுத்தில் துண்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மீசையில் பாதி திருத்தியிருந்தது, மீதி காடாகக் கிடந்தது. மணியாகிவிட்டது என்று பாதியில் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"வாங்கக்கா," என்றார் பெரிய கத்திரி. "படத்துக்குப் புது ஃப்ரேம் வாங்கிட்டோம். பழைய படம் வெயில்ல வெளுத்துப்போச்சே!"

அக்கா பையிலிருந்து ஒரு ரஸ்க்கை எடுத்துத் தம்பியின் பல்லுக்கு நடுவே செருகினாள். "இது கீழ விழக்கூடாது. உடையவும் கூடாது."

முதல் ஆட்டம். கணவர் அடி வாங்கினார், அக்கா அம்பு விட்டாள், தம்பி ரஸ்க்கோடு காட்டுக்குள் போனான். புதர் விட்டுப் புதர் தாவி, கத்திரிகளின் முதுகுக்கு மிக அருகே வந்தான். இன்னும் இரண்டே அடி.

மொறுக்.

"ஷூழு! பிம்மாழி!"

கீபோர்டு முழுக்க ரஸ்க் தூள். கத்திரிகள் மூவரும் திரும்பினார்கள். "வாங்க ரஸ்க் சார், வாங்க!" என்று நடுக் கத்திரி வரவேற்றார். மூன்று நொடியில் தம்பி தரையில் கிடந்தான். மிஞ்சிய இரண்டு பேரால் கோட்டையைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் தெய்வம் பாதி மீசையோடு வந்தது. மும்முரமான நேரத்தில் அவர் பெரிய கத்திரியின் தோளைத் தட்டி, "தம்பி, எனக்கு அஞ்சு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும்," என்றார். "ரெண்டே நிமிஷம் சார்," என்று பெரிய கத்திரி திரும்பிச் சொல்லிவிட்டு வருவதற்குள் அவர் உடம்பில் அக்காவின் ஆறு அம்புகள். ஒருவர் தும்மினாலே கதை முடிந்தது என்று அக்கா சொல்லவில்லையா? ஸ்படிகம் நொறுங்கியது.

"ஒண்ணுக்கு ஒண்ணு!" என்று தம்பி குதித்தான். அக்கா அவன் காதைப் பிடித்துக் கீழே இழுத்து, அதற்குள்ளேயே கிசுகிசுத்தாள்.

"கேளு. இந்தத் தடவை நீ எங்கயும் போகாதே. நம்ம புதர்லயே உட்கார்ந்துக்கிட்டு 'பின்னாடி'ன்னு கத்து. அவங்க திரும்புவாங்க. நாங்க முன்னாடி அடிக்கிறோம்."

"போகாமலே கத்தறதா?"

"ஆமா."

"முடியாதுக்கா."

"ஏன்டா? ஒரே ஒரு பொய். அதுவும் விளையாட்டுல."

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையைப் பார்த்தான். "இன்னைக்குச் சும்மா கத்தினா, நாளைக்கு நான் தட்டோட வந்து கத்தறப்போ நீ ஒரு நொடி யோசிப்ப. யோசிச்சா வெந்துரும்."

அக்காவுக்கு அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஒரு ஸ்படிகத்துக்காக இவன் அடுப்படிக் குரலைக் கறைப்படுத்த மாட்டான். மதியம் வாய் அவனைத் திட்டிக்கொண்டிருக்கையிலேயே முதுகு தானாகச் சுவரில் ஒட்டியது அவளுக்கு நினைவு வந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! அந்தக் குரல் பொய் சொன்னதே இல்லை. அது அவளுக்குத் தெரியும், பிரெட் வாங்க வந்தவருக்குத் தெரியும்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்.

"சரி," என்றாள் மெல்ல. "பொய் வேண்டாம். நிஜமாவே போ. போய் நல்லா வாய்விட்டுக் கத்து."

"நிஜமாவா?"

"அடுப்புல இருபது தட்டு இருக்கிற மாதிரி கத்து. ஆனா யாரையும் அடிக்காதே. கத்து, ஓடு. மறுபடியும் கத்து, மறுபடியும் ஓடு."

பதினோரு வருஷத்தில் தம்பி முகத்தில் அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆட்டம். பாதையில் இரு பக்கமும் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஓர் அடி முன்னேறவில்லை. திடீரென்று கேம் சென்டரின் ஜன்னல்கள் அதிர்ந்தன.

"சூடு! பின்னாடி!"

"வந்துட்டாரு ரஸ்க்!" என்று கத்திரிகள் மூவரும் ஒரே குரலில் கூவிக்கொண்டு திரும்பினார்கள். தம்பி காட்டுக்குள் ஓடினான். மூவரும் துரத்தினார்கள். பெரிய மரத்தைச் சுற்றி ஒருமுறை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை. "பின்னாடி! இப்ப இந்தப் பக்கம் பின்னாடி!" என்று அவன் தான் இருக்கும் இடத்தை ஒளிவு மறைவில்லாமல் அறிவித்துக்கொண்டே ஓடினான். சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடுத்த இடத்தைச் சொன்னான்.

அக்கா திரையைப் பார்த்தாள். முன்னால் பாதை துடைத்துவிட்டது போல் கிடந்தது. ஒரு ஈ காக்கை இல்லை.

அன்றைக்குப் பூராவும் வாய் திறக்காத கணவர் முதல் தடவையாகப் பேசினார். "காத்து நல்லா இருக்கு. அப்படியே நடந்துட்டு வரலாமா?"

"வாங்க," என்றாள் அக்கா.

இருவரும் சாயங்கால நடை போகிறவர்கள் மாதிரி போனார்கள். கோட்டை வாசலை அவர் கேடயத்தால் இடித்தார், அவள் அம்பால் துளைத்தாள்.

"அண்ணே, கோட்டை அடி வாங்குது!" என்று சின்னக் கத்திரி பதறினார்.

"இருடா, இந்த ரஸ்க்கை நொறுக்கிட்டுப் போயிரலாம்."

"அண்ணே, வாசல் போச்சு!"

"இதோ மாட்டிக்கிட்டான், இதோ!"

"பின்னாடி!" என்று கத்தினான் தம்பி. இந்த முறை அது அவனைப் பற்றிய செய்தி இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதைத்தான் சொன்னான். உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லையே. ஆனால் அவர்கள் நம்பித் திரும்புவதற்குள் ஸ்படிகம் வெடித்துத் திரை முழுக்க நீலமாகச் சிதறியது.

அக்கா நாற்காலி மேல் ஏறி நின்றாள். ஐம்பது கிலோ மாவை ஒற்றை ஆளாகப் பிசைகிற கையால் தம்பியின் முதுகில் அறைந்தாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றித் துடைத்தார். அடக்கமாட்டாமல் எழுந்துவிட்ட பாதி மீசைக்காரர் தன் ஃபோனில் அந்த நொடியைப் படம் பிடித்தார். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்டதற்கு, "என் மீசையை எந்தக் கடை முடிக்குதோ அந்தக் கட்சி," என்றார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா ஜன்னலிலிருந்து மூன்று கத்திரிகளையும் இறக்கினாள். டேப் ஒட்டிய தடத்தை மாவு வழிக்கும் தகட்டால் சுரண்டி, கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். பிறகு மூவருமாகத் தெருவைக் கடந்து, பாதி மீசைக்காரர் எடுத்த படத்தைச் சலூனில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கத்திரிகள் வாங்கி வைத்திருந்த அதே புது ஃப்ரேமைக் கேட்டு வாங்கி, அதிலேயே போட்டு.

பெரிய கத்திரி வாக்குத் தவறாதவர். நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார். படத்தில் அக்கா நாற்காலி மேல் நிற்கிறாள். கணவர் கண்ணாடி துடைக்கிறார். நடுவில் தம்பி, உள்நாக்கு தெரிகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான், கடைவாய்ப் பல் வரை முப்பத்திரண்டையும் எண்ணிவிடலாம்.

பெரிய கத்திரி தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏங்கக்கா, வர்றவங்க இதைப் பல் பிடுங்கற இடம்னு நெனச்சுட்டா ஒரு வருஷத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?"