மடத்துக்குளத்து நீர்மாலை

பேரூராட்சித் தலைவி சுகிர்தம் நீட்டிய ரோஜா மாலையை உமாதேவி கையில் வாங்கவில்லை. குளிர்ப்பெட்டியின் தலைமாட்டைக் காட்டி, "அங்கன வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். பெட்டிக்குள் அவள் அப்பா பால்வண்ணநாதன் நாடியில் துணிக்கட்டோடு படுத்திருந்தார். மேலக்கரைப் பேரூராட்சியின் துணைத்தலைவர். மன்றக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஊரறிந்த சங்கதி. இன்றைக்கு ஆளாளுக்கு அவர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாரல் விட்டு விட்டு அடித்தது. பந்தலில் போட்ட நாற்காலிகளில் பாதி காலி. வந்தவர்களும் சொந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள், ஆபீஸ் ஆட்கள்தான். எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். செத்தது நிஜந்தான் என்று தெரிந்துகொண்டவள் போல உள்ளே போய்விட்டாள். உமாதேவி அந்த வாசலை முறைத்தாள். இந்தத் தெருவுக்குக் குழாயும் விளக்கும் சிமெண்ட் ரோடும் கொண்டுவந்த மனுஷன். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட இந்தத் தெருவில் ஒருத்திக்கும் மனசில்லை.

எல்லாம் மடத்துக்குளத்தால் வந்த வினை. குளத்தை அழகுபடுத்த அரசாங்கம் பணம் ஒதுக்கியபோது, அதைத் தன் வார்டுக்கு இழுத்து வந்தவர் அப்பாதான். கரைச்சுவர், நடைபாதை, கம்பி வேலி, பெஞ்சு, விளக்கு என்று வேலை நடந்தது. வேலை நடக்கும்போது மறைவுக்குக் குளத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். ஒரு கேட்டும் போட்டார்கள். வேலை முடிந்து ஒன்றரை வருஷமாகிறது. தகரத்தைப் பிரிக்கவில்லை, கேட்டையும் திறக்கவில்லை. மந்திரி தேதி கொடுக்கவில்லை, அவர் வந்து திறக்கும்வரை ஒரு ஈ காக்கா நுழையக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்குமே மூன்று கால்தான்.

குளிக்க முடியாமல் போனதைத் தெரு பொறுத்துக்கொண்டது. நீர்மாலை எடுக்க முடியாமல் போனதைத்தான் பொறுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டக் குழாய்த் தண்ணீர் ஆகாது. பிள்ளைகள் குளத்தில் இறங்கி முங்கி, ஈரத்துணியோடு குடத்தில் மொண்டு, தலைக்கு மேல் நாலு பேர் வேட்டி விரித்துப் பிடிக்க, சங்கு ஊத நடந்து வர வேண்டும். போன ஆடியில் மேலத்தெரு சுந்தரபாண்டியனின் அம்மா இறந்தபோது அவன் குடத்தோடு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான். அப்பா கேட்டில் சாய்ந்துகொண்டு முடியாது என்றார். பேச்சு முற்றியதும் போலீசுக்குப் போன் போட்டார். சுந்தரபாண்டியன் போகிற போக்கில், "உங்க வீட்லயும் ஒரு நாள் குடம் தூக்குவீங்கல்லா, அன்னைக்கி பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் தெருவே இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட உமாதேவி அதைப் போனில் கேட்டபோது அப்பா பக்கம்தான் பேசினாள். ஆளுக்கொரு சட்டமா போட முடியும் என்றாள். சாபம் விட்டவன் மேல் அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

தம்பி முத்துகுமரன் சண்டைக்கு ஆகாதவன். வேனில் குற்றாலத்துக்குப் போய்ச் சிற்றாற்றில் எடுத்து வந்துவிடலாம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். சீசன் கூட்டத்தில் ஐந்தருவி ரோட்டில் வேன் நகராது என்று ஒரு மாமா சொன்னார். அம்மா ஸ்ரீமதி பெட்டியின் மேல் சாய்ந்திருந்தவள், தலையைத் தூக்காமலே பேச்சை முடித்தாள்.

"அவரு கட்டுன குளம் இருக்க எதுக்கு ஊரான் ஆத்துக்குப் போணும்? மடத்துக்குளத்துலதான் எடுக்கணும். படித்துறையில எறங்கி எடுக்கணும்."

உமாதேவி எழுந்து சுகிர்தத்திடம் போய்ச் சாவி கேட்டாள். தராவிட்டால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் போனாள். சுகிர்தம் முகம் ஒரு மாதிரி ஆனது. சாவி ஆபீசில் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை, துணைத்தலைவரேதான் வைத்திருந்தார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மந்திரி தேதி குடுக்கலன்னு சும்மா சொல்லுதாவ. மூணு தடவ தேதி வாங்குனோம். மூணையும் உங்கப்பாதான் தள்ளிப் போட்டாவ. ஏன்னு கேட்டா சண்டைக்கி வருவாவ."

செத்தவர் தலையில் எதை வேண்டுமானாலும் சுமத்தலாம், எழுந்து வந்தா கேட்கப் போகிறார் என்று உமாதேவி நினைத்தாள். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். சாவிதான் இப்போது முக்கியம்.

பீரோவில் இல்லை, சட்டைப்பையில் இல்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள், இடுப்பில் பார் என்று. பெட்டியைத் திறந்தார்கள். உமாதேவி அப்பாவின் வேட்டியை விலக்கித் தடவினாள். அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சாவி கிடந்தது. அவர் வயிறு கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. குளிரில் இறுகிய முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. கத்தரிக்கோல் வாங்கி நறுக்கினாள். ராத்திரி தூங்கும்போதும் இடுப்பில் வைத்துக்கொள்கிற அளவுக்கு அந்தக் கேட்டுக்குள் என்ன புதையல் இருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

முத்துகுமரன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டான். பங்காளிகள் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். சங்கு முன்னால் போனது. வழக்கமாக நீர்மாலைக்குத் தெருவே கூட வரும். இன்றைக்குத் தெரு அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. உமாதேவி யாரையும் பார்க்காமல் நிமிர்ந்து நடந்தாள்.

கேட்டுக்கு முன்னால் சுந்தரபாண்டியன் நின்றான். கூட ஏழெட்டுப் பேர். தூரத்திலேயே பார்த்துவிட்ட முத்துகுமரனின் நடை தளர்ந்தது. "நீ பேசாத. அவன் வாயத் தெறந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்று உமாதேவி அவன் காதருகில் சொன்னாள். ஆனால் சுந்தரபாண்டியன் மறிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

"போங்க. உங்கப்பா கட்டுனதுதான. நல்லா எறங்கி எடுங்க."

பூட்டு துருவேறிப் போயிருந்தது. உமாதேவி திருகித் திறந்தாள்.

உள்ளே எல்லாம் புதுசாக இருந்தது. பெஞ்சுகளைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கல்வெட்டை மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தார்கள். வழவழவென்று நடைபாதை, அதை ஒட்டிப் பளபளவென்று எவர்சில்வர் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் செங்குத்தாகச் சுவர் இறங்கியது. சுவருக்குக் கீழே, ரொம்பக் கீழே, பச்சைப் பாசியோடு தண்ணீர் கிடந்தது.

முத்துகுமரன் படித்துறை இருந்த தெற்குக் கரைக்குப் போனான். அங்கே சுவர். கிழக்கே போனான். அங்கேயும் சுவர். குடத்தோடு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். வேட்டி பிடித்தவர்களும் கூடவே சுற்றி வந்தார்கள். சங்கு ஊதுகிறவர் ஊதலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

"அக்கா, படி எங்கக்கா?"

உமாதேவியும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பேண்டு போட்டவர்கள் காற்று வாங்கிக்கொண்டு நடக்க எல்லாம் இருந்தது. தண்ணீரைத் தொட ஒரு வழி இல்லை. சின்ன வயதில் அப்பா தன்னைத் தோளில் உட்கார்த்தி இறக்கிக் குளிப்பாட்டிய கல்படிகள் முழுவதும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தன.

"தேடாதீங்க. இல்ல" என்றான் சுந்தரபாண்டியன். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. "அன்னைக்கி போலீஸ்காரன் போன பெறவு பின்பக்கத் தகரத்தப் பிரிச்சிட்டு நான் வந்தேன். இப்பிடித்தான் சுத்திச் சுத்தி வந்தேன். பெறவு கட்டுன கொத்தனாரப் பிடிச்சுக் கேட்டேன். பிளான்ல படி விட்டுப்போச்சாம். செவுரு எழும்பி முடிஞ்சப்பதான் உங்கப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு. இடிச்சுக் கெட்டப் பணமில்லன்னுட்டாங்களாம். ஊரு பாத்தா காறித் துப்பும்லா? அதான் பூட்டு."

இந்த ஆளை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போல உமாதேவிக்கு இருந்தது. எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கையில் சாவி இருந்தது, அறுந்த கயிற்றோடு. சட்டம் பேசிக்கொண்டு அந்தக் கேட்டில் சாய்ந்து நின்ற மனுஷன் சட்டத்துக்காக நிற்கவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். அதைச் சொல்ல முடியாமல் குடத்தோடு வந்த பிள்ளையைப் போலீசை வைத்து விரட்டினார், ஊர்ப் பகையைச் சம்பாதித்தார், இடுப்பில் சாவியோடு செத்தும் போனார். அவர் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே நேரத்தில் அவரை நினைத்து நெஞ்சும் வலித்தது.

"ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீங்க குடத்தோட வந்து நிக்கத நான் பாக்கணும்லா."

"இனிமே சொல்லுவீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்? கதவுதான் தெறந்து கெடக்கே."

அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டு வழியாகத் தெரு உள்ளே வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தவர்கள், எதிர்வீட்டுக்காரி, எல்லோரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள், பிறகு இவர்களைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"எங்கம்மைக்கு நான் துண்டோட துண்டு முடிஞ்சுதான் செம்ப எறக்குனேன்" என்றான் சுந்தரபாண்டியன். "உங்ககிட்ட வேட்டி இருக்கு."

முத்துகுமரன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் தலைக்கு மேல் விரித்திருந்த வேட்டியை இறக்கினார்கள். முறுக்கிக் கயிறாக்கிக் குடத்தின் கழுத்தில் கட்டினார்கள். கம்பிக்கு மேலிருந்து விட்டால் எட்டவில்லை. உமாதேவி சேலையைச் செருகிக்கொண்டு அந்தப் புதுத் தரையில் குப்புறப் படுத்தாள். கம்பிக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்து, கையை நீட்டி விட்டாள். தம்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டான். குடம் தண்ணீரைத் தொட்டது, ஆனால் முங்காமல் மிதந்தது. சுவரில் இடித்து இடித்துச் சாய்த்தாள். அந்தச் சத்தம் குளம் முழுக்கக் கேட்டது. அரைக்குடம் ஏறியதும், போதும் என்று இழுத்துக்கொண்டாள்.

சுந்தரபாண்டியன் ஒரு கை கொடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் ஒரு பெஞ்சின் பிளாஸ்டிக் தாளைத் துடைத்துவிட்டு, முதல் ஆளாக அதில் உட்கார்ந்தான்.

முங்கி எழ வழியில்லை. சாரலில் நனைந்ததே போதும் என்று மாமா சொல்லிவிட்டார். முறுக்கைப் பிரித்து, சேறும் பாசியும் ஒட்டிய வேட்டியை மறுபடி தலைக்கு மேல் பிடித்தார்கள். அது வழியெல்லாம் முத்துகுமரனின் தலையில் சொட்டிக்கொண்டே வந்தது. கேட்டை உமாதேவி பூட்டவில்லை. பூட்ட இனி என்ன இருக்கிறது?

வீட்டு முற்றத்தில் மறைப்புக் கட்டி அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தைப் பார்த்ததும் அந்த முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது. சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டுக்காரி வாய் வழியாகவோ வேறு யார் வழியாகவோ எல்லாம் இவள் காதுக்கு வந்துவிடும். உமாதேவிக்கு அது நன்றாகத் தெரியும்.

"படித்துறையில எறங்கித்தான எடுத்தீங்க?" என்றாள் அம்மா.

முத்துகுமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா" என்றாள் உமாதேவி.

"படி வழுக்கலயே?"

"இல்லம்மா. நல்லாக் கெட்டியிருக்காவ."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். எத்தனை பேர் ஏசினார்கள், எத்தனை பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள், கடைசியில் அவர் கட்டியதுதானே அவருக்கு உதவியது என்று சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னாள். தம்பி குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் அப்பாவின் தலையில் விழுந்து நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்தது. காது மடலில் ஒரு இழை பச்சைப் பாசி ஒட்டிக்கொண்டது. அம்மா கண்ணில் படுவதற்கு முன் உமாதேவி அதை விரலால் வழித்து, தன் ஈரச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.